விவசாயி யாரும்மா?

2020 செப்டம்பரில் சொட்டுநீர் மானியத்துக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று காகிதங்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஒட்டன்சத்திரம் தாலுகாவில், கள்ளிமந்தயம் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் தோட்டம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள், ஊரடங்கில் ஊருக்கு வந்து, அம்மாவோடு பண்ணையம் பார்க்கலாம் என்று தங்கிவிட்டேன். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு. 5 ஏக்கருக்குள் நிலம் இருந்தால் சிறு விவசாயி. நமக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும் என்ற தைரியத்தில்தான் போனேன்.

அங்கிருந்த அலுவலர் காகிதங்களை மேசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவில் தாத்தா பெயர். தாத்தா 2009-லேயே காலமாகிவிட்டார். மின் இணைப்பில் அப்பா பெயர். அப்பா போய் மூன்று வருடம். ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் அம்மாவுடையது. ஆதாரில் கொடுத்திருந்த ஃபோன் நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனுடையது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இதுல விவசாயி யாரும்மா?"

"அம்மாதான் சார்."

"அம்மா பேர்ல நிலம் இல்லையே."

அவர் குரலில் கடுமை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை. விடியக்காலம் 5 மணிக்கு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவர் அம்மா. உரம் எப்போது வைப்பது, மருந்து எப்போது அடிப்பது, யாரைக் கூலிக்குக் கூப்பிடுவது என்று எல்லாம் முடிவு செய்கிறவர் அம்மா. மேசையில் கிடந்த காகிதங்களில் அந்த அம்மா எங்கேயும் இல்லை.

அதற்கப்புறம் யோசித்துப் பார்த்தேன். விவசாயிக்கு என்று வந்திருக்கும் ஆப், இணையதளம், நேரடிப் பணம் எல்லாமே நிலத்துக்குச் சொந்தக்காரரும், பண்ணையம் பார்க்கிறவரும், ஃபோன் வைத்திருப்பவரும், வங்கிக் கணக்கு வைத்திருப்பவரும் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டு செய்யப்பட்டவை. எங்கள் வீட்டில் அது நாலு ஆள். அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. ஊரில் விசாரித்தால் பாதி வீடுகளில் இதே கதைதான். "எங்க ஆளுகளுக்கு ஃபோன் நோண்டத் தெரியாது, அதான் எதுவும் வர்றதில்ல" என்று சொல்வார்கள். நான் பார்த்தவரை ஃபோன் தெரியாதது சின்னப் பிரச்சினை. பெயர் சிதறிக் கிடப்பதுதான் பெரிய பிரச்சினை.

முதலில் பட்டாவைப் பிடித்தோம். சிட்டாவையும், நிலத்தின் எல்லையை அளவோடு காட்டும் புலப்படத்தையும் இப்போது ஃபோனிலேயே பார்த்துவிடலாம். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். அரசு இணையதளத்தில் எங்கள் நிலத்தைத் திறந்து அம்மாவிடம் காட்டியபோது, தாத்தா பெயரைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இத்தன நாளா அவரு பேருலயேதான் இருக்குதா" என்றார். பதினோரு வருடமாக யாருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. மாற்றாததால் எந்த வேலையும் நிற்கவும் இல்லை. கணினியில் ஏறும்வரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் ஆனது. மாற்றுவதற்கு எங்களுக்கு 14 மாதம் ஆனது. தாத்தாவுக்கு ஒரு வாரிசுச் சான்றிதழ், அப்பாவுக்கு ஒன்று. பெரியப்பா, சித்தப்பா, அப்பா மூன்று பேர் பங்கையும் பிரித்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். அத்தைகளின் கையெழுத்து. அப்புறம் உட்பிரிவு செய்து பட்டா மாறுதல். நில அளவையர் வந்தபோது தென்மேற்கு மூலைக் கல்லைக் காணோம். சித்தப்பா ஒரு இடத்தைக் காட்டுகிறார், பெரியப்பா ஒரு இடத்தைக் காட்டுகிறார். இரண்டுக்கும் நடுவில் நாலு அடி. அந்த நாலு அடிக்காக இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அளவையர் புலப்படத்தை வைத்து அளந்து கல் நட்டார், அது இருவர் காட்டிய இடமும் இல்லை.

எல்லாம் முடிந்து அம்மா பெயரில் பட்டா வந்தது. பார்த்தால் பட்டாவில் 'அம்மாள்' என்று முடியும் பெயர், ஆதாரில் 'அம்மா' என்று முடிகிறது. ஒரு 'ள்'. அதற்காகத் திரும்ப ஒரு அலைச்சல். அதனால் சொல்கிறேன்: மனு எழுதுவதற்கு முன்னால் பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பது வரைக்கும் பாருங்கள். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அதைப் பார்த்து மற்றதை எழுதச் சொல்லுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

பட்டாவுக்குக் காத்திருந்த காலத்தில் சும்மா இருக்கவில்லை. எந்தக் காகிதமும் கேட்காத ஒன்று இருந்தது. கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர்.

எங்கள் பக்கம் மோட்டார் ஓட வேண்டிய மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் ராத்திரியில் வரும். ராத்திரி முறை வந்தால் அம்மா அலாரம் வைத்துக்கொண்டு படுப்பார். 1 மணியோ 2 மணியோ, டார்ச் லைட்டும் கையில் ஒரு குச்சியுமாக வரப்பில் நடந்து கிணற்றுக்குப் போய் மோட்டாரைப் போடுவார். நான் ஊருக்கு வந்த முதல் வாரம் அவரோடு கூடப் போனேன். குச்சியைத் தரையில் தட்டிக்கொண்டே நடப்பார், பாம்பு இருந்தால் விலகிப் போகட்டும் என்று. இப்படித்தான் இவ்வளவு வருடமும் தனியாகப் போய் வந்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் தமிழில் பேசும். ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும். மின்சாரம் வந்தால் அதுவே நமக்குக் கூப்பிட்டுச் சொல்லும். அம்மாவிடம் இருந்தது பட்டன் ஃபோன். அதுவே போதும். மூன்றாவது நாள் என்னைக் கேட்காமல் அவரே போட்டு நிறுத்தினார். கட்டிலில் உட்கார்ந்தபடி ஃபோனைக் காதில் வைத்து, "மோட்டார் இயங்குகிறது" என்று அது சொன்னதும், "சரி சாமி" என்று அதற்குப் பதில் சொல்லிவிட்டு வைத்தார். இன்றைக்கும் அப்படித்தான்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். காதால் கேட்டு விரலால் அமுக்கும் வேலை. ராத்திரித் தூக்கத்தை முதல் நாளே திருப்பிக் கொடுக்கிறது. ஒரு தடவை அதன் அருமை தெரிந்துவிட்டால், அடுத்த விஷயத்தை நாம் சொல்வதற்கு முன்னால் அவர்களே கேட்பார்கள்.

அதில் நாங்கள் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சிம். ரீசார்ஜ் முடிந்தால் கொஞ்ச நாளில் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும். எங்களுக்கு ஒரு ராத்திரி அப்படி நின்று, அம்மா பழையபடி குச்சியை எடுத்துக்கொண்டு போனார். இப்போது சுவரில் தொங்கும் தினக் காலண்டரில் ரீசார்ஜ் முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் பேனாவால் வட்டம் போட்டு வைக்கிறோம். எந்தக் கம்பெனி சிம் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கிணற்று மேட்டில் நின்று எந்த சிம்முக்கு சிக்னல் நிற்கிறது என்று பாருங்கள். தகரப் பெட்டிக்குள் வைத்தால் ஆன்டெனாவை வெளியே எடுத்து விடச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆம்பியர். கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் காற்று இழுத்தால் ஸ்டார்ட்டர் தானாக நிறுத்த வேண்டும். அதற்கு நம் மோட்டார் தண்ணீர் எடுக்கும்போது எத்தனை ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து, அதைப் பார்த்து அளவு வைக்க வேண்டும். மாட்டிக் கொடுத்தவர் பொதுவாக ஒரு அளவு வைத்துவிட்டுப் போய்விட்டார். 2021 ஏப்ரலில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிப் போனது. அதைத் திரும்பக் கட்ட 4,500 ரூபாய், அதோடு ஆறு நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்த வெங்காயம். மாட்டும்போதே பக்கத்தில் நின்று, தண்ணீர் ஓடுகையில் அளந்து வைக்கச் சொல்லுங்கள். கோடை தொடங்கும்போது இன்னொரு தடவை பாருங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த ஸ்டார்ட்டரில் ஆட்டோ என்று ஒன்று உண்டு, மின்சாரம் வந்ததும் தானாக ஓடும். சௌகரியம் என்று ஒரு நாள் ஆட்டோவில் போட்டுவிட்டுத் தூங்கினோம். ராத்திரி 11 மணிக்கு வந்த மின்சாரம் விடியும்வரை ஓடி, திறந்திருந்த ஒரே மடையில் அத்தனை தண்ணீரும் இறங்கி, நாலு பாத்தி வெங்காயம் முழங்கால் சேற்றில் நின்றது. ஒரு வாரத்தில் அழுகல். மோட்டார் ஃபோனில் ஓடும், மடை ஃபோனில் திரும்பாது. வாய்க்காலில் பாய்ச்சும் தோட்டத்தில் மோட்டாரைப் போட்ட பிறகு மடை திருப்ப ஆள் நின்றாக வேண்டும், அதனால் ஸ்டார்ட்டரால் பாதி நடைதான் மிச்சம். முழுப் பலன் சொட்டுநீர் வந்த பிறகுதான் தெரிந்தது. ஃபோனில் போட்டு, ஃபோனில் நிறுத்தி, இடையில் பில்டரை மட்டும் கழுவிவிட்டால் போதும் என்று ஆனது. இந்த ஸ்டார்ட்டருக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் மானியம் கொடுக்கிறார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். நாங்கள் வாங்கிவிட்டுக் கேட்டோம், கிடைக்கவில்லை.

2021 கடைசியில் பட்டா கைக்கு வந்தது. என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், சிறு குறு விவசாயி சான்று எல்லாம் அம்மா பெயரில் எடுத்து அதே ஆபீசுக்குப் போனோம். இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிப் போனேன். வெங்காயத்துக்கும் முருங்கைக்கும் சொட்டுநீர் வந்தது.

அடுத்து பிரதமரின் கிசான் உதவித் தொகை. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000. 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. ஆனால் இறந்தவரிடமிருந்து வாரிசாக வந்த நிலத்துக்கு அந்தத் தடை இல்லை. இது தெரியாமல் "தேதி முடிஞ்சு போச்சு" என்று விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அம்மாவுக்குப் பதிவு செய்தோம். 2022-ல் இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது, செய்தால்தான் அடுத்த தவணை என்றார்கள்.

அன்றைக்கு வெங்காயம் பிடுங்க ஆறு ஆள் விட்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று அம்மாவும் நானும் இ-சேவை மையத்துக்குப் போனோம். ஆதார் எண்ணைப் போட்டதும் ஓடிபி போனது, திருப்பூருக்கு. அண்ணன் வேலை செய்யும் கம்பெனியில் மெஷின் பக்கம் ஃபோன் கொண்டு போகக் கூடாது, வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். 10 நிமிஷம் கழிந்து அந்த எண் செல்லாது என்று ஆனது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்து மறுபடி அனுப்பினோம். அண்ணன் கூப்பிட்டுச் சொல்லும்போது மையத்தில் இணையம் போய்விட்டது.

சரி, கைரேகை வைக்கலாம் என்றார் மையத்தில் இருந்த தம்பி. அம்மாவின் கட்டை விரலை ரேகைக் கருவியின் கண்ணாடியில் வைத்தார். சிவப்பு விளக்கு. துணியால் துடைத்து, திரும்ப வைத்தார். சிவப்பு. ஆள்காட்டி விரல், நடுவிரல், வலது கை, இடது கை. நாற்பது வருடம் களை எடுத்து, வெங்காயம் அரிந்து, கூழாங்கல் போல வழவழத்துப் போன விரல்கள். ரேகை என்று ஒன்று அதில் மிச்சமில்லை. அம்மா ஒவ்வொரு விரலாக நீட்டிக்கொண்டே, "இத்தன நாளு வேலை செஞ்ச கையி கண்ணு, அதான் காட்டல" என்று அந்தத் தம்பியிடம் சமாதானம் சொல்கிறார், ஏதோ தவறு அவர்மேல் என்பது போல. கடைசியில் இடது கை மோதிர விரலைத் தேங்காய் எண்ணெய் தொட்டு, துடைத்து, அழுத்தி வைத்ததும் பச்சை எரிந்தது. வீட்டுக்கு வரும்போது மணி 4. ஆட்கள் போய்விட்டார்கள், பிடுங்கிய வெங்காயம் வெயிலில் கிடந்தது.

அந்த வாரமே தபால் நிலையத்தில் இருக்கும் ஆதார் மையத்துக்குப் போய், அண்ணன் நம்பரை எடுத்துவிட்டு அம்மாவின் பெயரில் புதிதாக வாங்கிய சிம் நம்பரைப் போட்டோம். அப்போது 50 ரூபாய்தான் செலவானது. ஃபோன் நம்பரை ஆதார் இணையதளத்தில் மாற்ற அப்போது வழி இல்லை, அதனால் நேரில் போனோம். யாரிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் காரியம் இதுதான். எந்த ஆப்பையும் இறக்குவதற்கு முன்னால், தோட்டத்தில் நிற்கிறவரின் நம்பர் அவருடைய ஆதாரில் இருக்கிறதா என்று பாருங்கள். மகன் நம்பர், மருமகன் நம்பர், அந்தக் காலத்தில் அட்டை எடுத்துக் கொடுத்த கடைக்காரர் நம்பர் என்றெல்லாம் இருக்கும். 2023-லிருந்து கிசான் திட்டத்தின் ஆப்பில் முகத்தைக் காட்டியே சரிபார்க்கலாம் என்று வந்துவிட்டது. ரேகை அழிந்த கைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

பணம் அனுப்பிவிட்டோம் என்று இணையதளம் காட்டியது. வங்கிப் புத்தகத்தில் ஏறவில்லை. ஒரு மாதம் இரண்டு பக்கமும் அலைந்த பிறகு தெரிந்தது: ஆதாரை வைத்து அனுப்பும் பணம், நாம் கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அதற்குத்தான் போகும். அம்மா குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் கணக்குத் திறந்து ஆதார் கொடுத்திருந்தார். பணம் அங்கே பத்திரமாக இருந்தது. ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். பணம் வரவில்லை என்று ஆபீசுக்கு ஓடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனில் விலை பார்த்து விற்றால் விவசாயி பிழைத்துக்கொள்வார் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நானும் நம்பித்தான் வந்தேன். உழவன் ஆப்பில் சந்தை விலை வருகிறது. 2018-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆப் அது. மானியம், உர இருப்பு, வாடகை இயந்திரம் என்று நிறைய இருக்கிறது, நான் அடிக்கடி திறப்பேன். ஆனால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடையில் ஓடும் விலை வேறு. அங்கே வரும் காயில் பாதிக்கு மேல் கேரளாவுக்குப் போகிறது. அங்கே ஓணம் என்றால் இங்கே விலை ஏறும், அங்கே வெள்ளம் என்றால் இங்கே லாரி நிற்கும். அதை அன்றன்றைக்குச் சொல்வது கமிஷன் கடைக்காரர்களும் வண்டிக்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுதான். நாங்கள் மூன்று கடையின் குழுவில் இருக்கிறோம். ஒரே கடையின் குழுவில் மட்டும் இருந்தால் அவர் சொல்வதுதான் விலை.

விலை தெரிந்து என்ன செய்ய முடியும் என்பது காயைப் பொறுத்தது. 2021-ல் அரை ஏக்கர் தக்காளி போட்டோம். 14 கிலோ பெட்டி என்ன விலை போகிறது என்று தினமும் காலையில் தெரியும். தெரிந்து பிரயோஜனம் இல்லை. பழுத்த தக்காளியைச் செடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. விலை இறங்கியது தெரிந்துகொண்டே பறித்தோம், தெரிந்துகொண்டே ஏற்றினோம். தெரியாமல் ஏற்றுவதைவிட அதில் மனக்கஷ்டம் அதிகம்.

சின்ன வெங்காயம் அப்படி இல்லை. நன்றாகக் காயவிட்டுப் பட்டறை போட்டால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். தரையிலிருந்து ஒரு அடி உயர்த்திப் பலகை அடித்து, காற்றுப் போக இடம் விட்டு, மேலே தென்னங்கீற்று. பட்டறையில் வெங்காயம் இருக்கும்போது ஃபோனில் வரும் ஒவ்வொரு விலைக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. இன்றைக்கு வேண்டாம், வரும் வாரம் பார்க்கலாம் என்று சொல்ல முடிகிறது. அம்மா இப்போது அப்படித்தான் விற்கிறார். பட்டறை போட்டவருக்குத்தான் விலை ஆப் உதவும். அதனால் விலை தெரிவதற்குச் செலவு செய்யும் முன் பட்டறைக்குச் செலவு செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மக்காச்சோளத்துக்குப் படைப்புழு வந்த கதையையும் எழுத வேண்டும். 2018-ல் கர்நாடகத்தில் முதலில் பார்த்து, அந்த வருடமே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்ட புழு அது. அப்போது நான் ஊரில் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் யாரோ மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்லி அனுப்பிய குரல் பதிவை நம்பி, ஊரே அடித்திருக்கிறது. அம்மாவும் கடனுக்கு வாங்கி அடித்திருக்கிறார். புழு குருத்துக்குள் பத்திரமாக இருந்தது, மருந்து இலைமேல் போனது.

2020-ல் மறுபடி பார்த்தபோது படம் எடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பினேன். "படத்துல ஒன்னும் தெரியலம்மா" என்று பதில் வந்தது. அவர்தான் எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். முழுச் செடி ஒன்று. குருத்தை விரித்து ஒன்று. புழுவை உள்ளங்கையில் வைத்து, தலை தெரிய ஒன்று, வால் பக்கம் தெரிய ஒன்று. தலையில் தலைகீழாக ஒய் எழுத்து மாதிரிக் கோடு, வாலுக்குக் கொஞ்சம் முன்னால் சதுரமாக நாலு கரும்புள்ளி. இரண்டும் இருந்தால் படைப்புழு. அதோடு விதைத்து எத்தனை நாள், கடைசியாக என்ன அடித்தோம் என்று ஒரு வரி. படம் போன பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: எமாமெக்டின் பென்சோயேட், லிட்டருக்கு 0.4 கிராம், குருத்துக்குள் இறங்கும்படி அடி. அடித்தோம், நின்றது. குழுவில் வரும் மருந்துப் பெயரைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். அலுவலர் கிடைக்கவில்லை என்றால் 1800 180 1551, உழவர் அழைப்பு மையம். இலவசம், காலை 6 மணி முதல் ராத்திரி 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். அதற்கும் பட்டன் ஃபோன் போதும், எந்தக் காகிதமும் கேட்க மாட்டார்கள்.

மழைக்கு மேகதூத் ஆப் வைத்திருக்கிறோம். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் புது ஆலோசனை வரும். மருந்து அடிக்கும் நாளை முடிவு செய்ய உதவுகிறது. மற்றபடி அம்மா மேற்கே பார்த்துச் சொல்வதும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் இப்போது டச் ஃபோன் இருக்கிறது. எழுத மாட்டார், மைக்கை அமுக்கிப் பேசுவார். ஃபோன் அவர் கைக்கு வந்ததோடு ஒரு ஆபத்தும் சேர்ந்து வந்தது. கிசான் பணம் என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு ஆப் ஃபைல் வரும், அதைத் தொட்டால் வங்கிக் கணக்கு காலியாகும். அதனால் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். நாமாகப் போய்க் கேட்டு வந்த ஓடிபியைத் தவிர வேறு எந்த ஓடிபியையும், அண்ணனே கூப்பிட்டுக் கேட்டாலும், ஃபோனில் சொல்லக் கூடாது. அம்மா அதை அப்படியே கடைப்பிடிக்கிறார். ஒரு தடவை அண்ணன் நிஜமாகவே கேட்டும் சொல்லவில்லை.

2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க ஊரில் முகாம் போட்டார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையில் மேசை. ஆதார், பட்டா, ஆதாரில் இருக்கும் நம்பரோடு ஃபோன். அம்மாவின் முறை வந்தது. பெயர் ஒத்துப்போனது. நிலம் ஒத்துப்போனது. முந்தானையில் முடிந்திருந்த ஃபோன் சத்தம் கொடுத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அம்மாவே வாசித்துச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

எங்களுக்குப் பின்னால் பக்கத்துக் காட்டு மாமா நின்றிருந்தார். பெரியப்பா பங்கை ஒன்பது வருடமாகக் குத்தகைக்கு ஓட்டுகிறவர். பெரியப்பா மகன் சென்னையில் இருக்கிறார், பட்டா அவர் பெயரில். மாமாவிடம் ஆதார் இருக்கிறது, அவர் பெயரிலேயே ஃபோன் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது. மேசையில் இருந்தவர் கேட்டார்: "பட்டா?" மாமா என்னைப் பார்த்தார். குத்தகை வாய்ப்பேச்சுதான், காகிதம் கிடையாது. "உங்களுக்கு இதுல வராதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. எங்கள் ஊரில் யாரும் பதிவு செய்து நான் பார்த்ததில்லை. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று சொந்தக்காரர்களுக்குப் பயம். கேட்டால் குத்தகையே போய்விடும் என்று ஓட்டுகிறவர்களுக்குப் பயம். கிசான் பணமும் அவருக்கு வராது, சொட்டுநீரும் வராது. அழைப்பு மையமும், விலைக் குழுவும், மழை ஆப்பும் மட்டும்தான் அவரிடம் பட்டா கேட்காதவை. அதை மூன்றையும் அவர் ஃபோனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கிணறு பொதுக் கிணறு. வாரத்தில் நாலு நாள் எங்கள் முறை, மூன்று நாள் அவர் முறை. அந்த ஸ்டார்ட்டரில் ஐந்து நம்பர் வரைக்கும் சேர்க்கலாம். அம்மாவுடையது முதல் நம்பர், என்னுடையது இரண்டாவது, அண்ணனுடையதை எடுத்துவிட்டு மாமாவுடையதை மூன்றாவதாகச் சேர்த்தோம். அவருடைய ராத்திரி முறையில் இப்போது அவரும் வரப்பில் நடப்பதில்லை. பெரியப்பா மகன் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். குத்தகையை எழுத்தில் போடும் பேச்சை அப்போது எடுக்க வேண்டும். அம்மாதான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.